ரைட்டர் கரி

1899-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பனி இறங்கியிருந்தது. எங்கள் சுரங்கத்தின் ஏழு புகைபோக்கிகளில் மூன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தன. மற்ற நான்கும் அங்கேதான் இருக்கின்றன என்று நானாக நம்பிக்கொள்ள வேண்டியிருந்தது. காற்று இல்லாததால் புகை மேலே ஏறாமல் வாசலில் நின்றவர்கள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அப்போதே இருமல் உண்டு. இப்போதும் உண்டு. டாக்டர்கள் வேறு காரணம் சொல்லுகிறார்கள். நான் அந்தப் புகைபோக்கிகளைத்தான் சொல்லுவேன்.

நான் அந்தச் சுரங்கத்தின் விறகு டிப்போவில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவன். வேலூரில் மெட்ரிகுலேஷன் வரை படித்துவிட்டு இங்கே வந்தவன். தங்கம் எடுக்கிற ஊரில் என்ன வேலை என்று ஊரில் கேட்டால், தங்கத்தை நான் பார்த்ததுகூட இல்லை, நெருப்புக்குச் சாப்பாடு போடுகிற வேலை என்பேன். உண்மையும் அதுதான். ஆட்கள் போகிற கேஜ் கூண்டு இறங்குவதும் ஏறுவதும், அடியில் ஊறும் தண்ணீரை பம்பு இறைப்பதும், கல்லை இடிப்பதும் எல்லாம் நீராவி. நீராவிக்கு பாய்லர். பாய்லருக்கு நெருப்பு. நெருப்புக்கு நான்.

டிப்போவில் மூன்று குவியல்கள் இருந்தன. முதலாவது விறகு. பூதிகோட்டைப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் மாட்டு வண்டிகளில் வரும். இரண்டாவது நிலக்கரி, ரயிலில் வரும், விலை அதிகம், அதனால் தார்ப்பாயும் காவலும் அதற்குத்தான். மூன்றாவது அடுப்புக்கரி, கொல்லுப் பட்டறைக்கு மட்டும். இந்த மூன்றைத் தவிர எரிகிற பொருள் எதுவும் சுரங்கத்தின் கணக்கில் கிடையாது.

எனக்கு ஒரு பழக்கம். ஒரு பொருளைப் பார்த்தால் அது எந்த வகை என்று தெரியாமல் விடமாட்டேன். எரிகிற பொருள்களை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன்: வெட்டினால் மறுபடி முளைப்பது ஒன்று, எடுத்தால் எடுத்ததோடு தீர்ந்துபோவது ஒன்று. விறகு முதல் வகை, நிலக்கரி இரண்டாவது வகை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நான் வேலையில் சேர்ந்தபோது காலையில் மரம் வெட்டிய வண்டி மாலையில் டிப்போவுக்கு வந்துவிடும். ஐந்து வருஷத்தில் அதே வண்டிக்காரர்கள் வழியில் இரண்டு ராத்திரி படுத்து வந்தார்கள். மரம் முளைக்கிற வேகத்தைவிட எங்கள் பாய்லர் தின்கிற வேகம் அதிகம். அப்படியானால் விறகும் தீர்ந்துபோகிற வகைதானே என்று ஒரு வண்டிக்காரரிடம் கேட்டேன். "அது இன்னா வகையோ சாமி, மாட்டுக்குத் தீனி யாரு குடுப்பா?" என்று அவர் கேட்டார். மாடும் ஒரு வகைதான். தீனி போட்டால் இழுக்கிறது. ஆனால் தீனிக் கணக்கு வேறு ஆபீசில் இருந்தது. வெயில், காற்று, ஆற்று நீர் இவற்றுக்கும் சக்தி உண்டு என்று தெரியும். அவற்றுக்கு யாரும் பில் அனுப்பாததால் அவை என் டிப்போவுக்கு வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வாசலுக்குள் நுழைகிற நேரத்தில் ராத்திரி ஷிப்டின் சாம்பலைக் கொட்டி முடித்திருந்தார்கள். பாய்லருக்குப் பின்னால் ஒரு சாம்பல் மேடு. நிலக்கரி முழுக்க எரிவதில்லை. பாதி வெந்தும் வேகாமலும் கட்டி கட்டியாகச் சாம்பலோடு விழும். பாய்லர்க்காரர்கள் அதற்கு சிண்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். சுரங்கம் கொடுத்த லைன் வீடுகளில் இருந்த பெண்கள் விடியற்காலையில் வந்து சாம்பலைக் கிளறி அதைப் பொறுக்கி, கூடையில் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரிந்து ஐந்து வருஷமாக அப்படித்தான். யாரும் கேட்டதில்லை. என் மனைவியும் ஆள் வைத்துப் பொறுக்கச் சொல்லி வாங்குவாள்.

வாசலில் அன்று புது வாச்மேன். குப்பத்துப் பக்கத்துத் தெலுங்குக்காரர். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த பெண் தலையில் கூடையோடு வந்தாள். அவள் கணவன் சுரங்கத்து அடியில் கல் ஏற்றிய டிராம் வண்டி தள்ளுகிறவன். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள்.

"இன்னா கீது கூடையில?" என்று வாச்மேன் கேட்டார்.

"கரி," என்றாள்.

அவருக்கு ஆங்கிலத்தில் சில வார்த்தைகள் தெரியும். அதைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வராது என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே திரும்பி உரக்கச் சொன்னார். "கோல், சார். கோல்."

காவல் பிரிவுக்கு அப்போது ஒரு இளம் துரை. கப்பலிலிருந்து இறங்கி நான்கு மாதம்தான். இந்த ஊரில் வாச்மேன் ஒருவன் 'கோல்' என்று கத்தினால் அவருக்கு ஒரே ஒரு பொருள்தான் தோன்றும். கையில் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தார். கோப்பையை வாச்மேன் கையில் கொடுத்துவிட்டு, கூடையைத் தானே கீழே இறக்கிக் கவிழ்த்தார். முதலில் பூட்ஸ் காலால் பரப்பினார். பிறகு குந்தி உட்கார்ந்து விரலால் ஒவ்வொரு கட்டியாக உடைத்துப் பார்த்தார். வெள்ளைச் சட்டையின் கைமடிப்பு கறுத்துப்போனது. ஷிப்டு முடிந்து வெளியே போக நின்றவர்கள் ஐம்பது அறுபது பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"கோல்டு?" என்றார் துரை.

"கோல், சார்," என்றார் வாச்மேன், தேநீர் சிந்தாமல்.

பின்னாலிருந்து ஒருவன், "ரொம்ப நேரம் அடுப்புல இருந்துட்டுது போல. தங்கம் கறுத்துப் பூட்சி," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன்னைப் பார்த்துச் சிரிப்பது எந்த மொழியிலும் தெரிந்துவிடும். முகம் சிவந்துவிட்டது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, தங்கம் இல்லாவிட்டால் என்ன, நிலக்கரியும் சுரங்கத்துச் சொத்துதான், இது திருட்டு என்று சொன்னார்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சுரங்கத்துச் சாமான் ஒரு வீட்டில் யார் கையில் அகப்பட்டாலும் வீட்டுக்காரனுக்கு வேலை போய்விடும். அந்த வாரச் சனிக்கிழமைக்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. அந்தக் குடும்பத்துக்குத் திரும்பிப் போக ஆற்காட்டுப் பக்கத்தில் நிலமும் இல்லை, கூரையும் இல்லை. அந்தப் பெண் சிதறிக் கிடந்ததை மறுபடி கூடையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். வாச்மேன், "தொடாத, தொடாத" என்றார். அவள் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். விசாரணை பாய்லர் வீட்டை ஒட்டிய அறையில். விசாரிப்பவர் பாய்லர் துரை. கார்ன்வாலிலிருந்து வந்தவர், தாடி நரைத்தவர், அதிகம் பேசமாட்டார். மேஜைமேல் கூடை. ஒரு பக்கம் இளம் துரை, புதுச் சட்டை மாற்றியிருந்தார். இன்னொரு பக்கம் அந்தப் பெண். அவள் கணவன் ஷிப்டிலிருந்து நேராக வந்து வாசல்படிக்கு வெளியே தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மொழிபெயர்க்க வேண்டும், டிப்போ ரைட்டர் என்ற முறையில் பதிலும் சொல்ல வேண்டும். துரைகள் பேசியதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"உன் டிப்போவில் எத்தனை வகை?" என்று பாய்லர் துரை கேட்டார்.

"மூன்று, சார். விறகு, நிலக்கரி, அடுப்புக்கரி."

"இது எந்த வகை?"

ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தேன். தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. நிலக்கரியின் பளபளப்பு இல்லை, கனமும் இல்லை. "மூன்றில் எதுவும் இல்லை, சார்," என்றேன்.

இளம் துரை ஒப்புக்கொள்ளவில்லை. "கறுப்பாக இருக்கிறது. எரிகிறது. நிலக்கரி என்று அவளே சொல்லியிருக்கிறாள்."

"அவள் கரி என்றுதான் சொன்னாள், சார்." பிறகு நான் அந்தச் சொல்லை விளக்கினேன். ரயிலில் வருவதும் எங்களுக்குக் கரி. கொல்லுப் பட்டறையில் ஊதுவதும் கரி. சட்டியின் அடியில் பிடிப்பதும் கரி. விளக்குக் கண்ணாடியில் படிவதும் கரி. நேற்று என் வீட்டில் அடிபிடித்த சோற்றைக்கூட என் மனைவி கரி என்றுதான் சொன்னாள். "தமிழ்க்காரர் ஒருவர் கரி என்று சொன்னதை வைத்து எந்தச் சாமான் என்று யாராலும் சொல்ல முடியாது, சார். கறுப்பு என்று மட்டும்தான் சொல்ல முடியும்."

பாய்லர் துரை தாடியைத் தடவினார். நான் அடுத்ததைச் சொன்னேன். வரும்போதே அதை யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். "உலைக் கதவுக்குள் போன நிலக்கரியை அன்றைக்கே எரிந்துபோனது என்று நான் கழித்துவிடுகிறேன். தாங்கள்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள். எரிந்துபோன பொருளை எப்படித் திருட முடியும், சார்?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. தாடிக்குள் சிரித்ததாக எனக்குத் தோன்றியது. கட்டியை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பெண்ணிடம் நீட்டி, "இது எரியுமா?" என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அவள் என்னைப் பார்த்து, "எரியாத சாமானத் தூக்கிகினு வர்றதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா, ரைட்டரே? பனியில கை வெறச்சிப் போவுது," என்றாள்.

வெளியே நின்ற கணவன், "ஏய், அடக்கமாப் பேசு," என்றான்.

"எரியும் என்கிறாள், சார்," என்று சுருக்கமாக மொழிபெயர்த்தேன்.

"அப்படியானால் எரிந்துபோனது மறுபடி எரிகிறது," என்றார் பாய்லர் துரை. "எவ்வளவு எரிகிறது?"

இருபது வருஷம் இங்கே வேலை செய்தேன். எனக்குத் துல்லியமாகப் பதில் தெரிந்த கேள்வியை ஒரு துரை கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்கு முந்தின மழைக்காலத்தில் நான் அதை அளந்து பார்த்திருந்தேன். டிப்போவில் எங்களுக்கு ஒரு இரும்படுப்பு இருந்தது. அதில் நிலக்கரியைப் போட்டு ஒரு தவலைத் தண்ணீர் காய்ச்சினேன். அதே அடுப்பை வீட்டுக்குத் தூக்கிப்போய் சிண்டரைப் போட்டு அதே தவலைத் தண்ணீரைக் காய்ச்சினேன். ஒரு தடவை செய்தால் தப்பு வரும் என்று பதினொரு தடவை செய்தேன். தெருவில் அடுப்பும் தவலையுமாக நான் போவதையும் வருவதையும் பார்த்து என் மனைவி, சமையல் வேலைக்குப் போகப் போகிறீர்களா என்று கேட்டாள்.

"ஒரு கூடை நிலக்கரி காய்ச்சுவதை இரண்டேகால் கூடை சிண்டர் காய்ச்சும், சார்."

பாய்லர் துரை ஜன்னல் வழியாகச் சாம்பல் மேட்டைப் பார்த்தார். "தினம் எத்தனை கூடை விழும்?"

"அறுபது, சார். நிலக்கரிக் கணக்கில் இருபத்தாறு கூடை. இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும்."

இருபத்தாறு என்பதை அவர் கேட்கவில்லை. அது தானாக வந்துவிட்டது.

தீர்ப்பு இதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கூடையில் இருந்தது சுரங்கத்தின் எந்த வகையிலும் சேராது. ஆகவே திருட்டு இல்லை. அந்தப் பெண் கூடையை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் எரிகிற பொருள் எரிபொருள். எரிபொருளுக்கு விலை உண்டு. பிப்ரவரி முதல் சிண்டர் நான்காவது வகை. சனிக்கிழமை தோறும் சாம்பல் மேட்டில் விற்கப்படும், கூடை அரையணா. ரைட்டர் இதைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு முதல் பாதியை மட்டும் சொன்னேன். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கணவன் படிக்கு வெளியே நின்றபடியே என்னைக் கும்பிட்டான். அப்போதுதான் தலைப்பாகையைத் திரும்பக் கட்டினான். அது இரண்டு தடவை அவிழ்ந்தது.

மறுபாதி வாசலில் ஒட்டப்பட்டதும் தெரிந்துவிட்டது. எழுதும்போது அந்தப் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் போடுவது என்று எனக்குப் பெரிய சிக்கல். கரி என்று எழுத முடியாது; அந்த வார்த்தையால் வந்த வினைதான் இத்தனையும். 'பாய்லரில் வெந்து மிஞ்சிய கட்டிகள்' என்று எழுதினேன். அந்த நீளத்துக்கு யார் வாயில் நுழையும்? தண்ணீர் வண்டியண்டை நின்ற பெண்கள் அதற்கு அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ரைட்டர் கரி.

"ஏண்டி, ரைட்டர் கரி வாங்கப் போறியா?"

"ஒரு கூட வாங்கணும். எண்ணி எண்ணித்தான் போடுவானாம் மேட்டு மேஸ்திரி."

"எண்ணாம இருக்குமா? ரைட்டர் கரியாச்சே."

இதை என் மனைவி வீட்டில் வந்து அப்படியே சொல்லிக் காட்டினாள். குரலையும் மாற்றிச் சொன்னாள். பக்கத்துச் சுரங்கத்துப் பாலகாட் லைன் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டதாகவும் சொன்னாள். இரண்டு வீடு தள்ளியிருந்த அந்தப் பெண்ணும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாளாம். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ரைட்டரு ஒரு தபா வாயத் தொறந்தாரு, எங்க வீடு மிஞ்சிச்சி. இன்னொரு தபா தொறந்தாரு, எல்லாருக்கும் அரையணா வந்துச்சி. அப்படின்னா."

"அதற்கு நீ என்ன சொன்னாய்?"

"நா இன்னா சொல்றது? கணக்கு சரியாத்தான கீது."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் கணவன் வந்தான். அவித்த மொச்சை கொஞ்சம் இலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். "அண்ணே, பொம்பளைங்க பேச்ச மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு வேல கீது, வீடு கீது. மத்தது போவட்டும்," என்றான். வாரத்துக்கு உங்கள் வீட்டில் எத்தனை கூடை ஆகும் என்று கேட்டேன். அவன் என் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். "ஒண்ணு போதும்ணே," என்றான். ஒன்று போதாது என்பது எனக்குத் தெரியும். ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு ஒன்றரையாவது வேண்டும்.

அவன் போன பிறகு என் மனைவி சொன்னாள். "இனிமே வாரத்துக்கு ரெண்டு கூட வாங்குங்க. ஒண்ணு நமக்கு, ஒண்ணு அவங்களுக்கு."

"எதற்கு?"

"ரெண்டேகால்னு சொன்னது யாரு?"

"துரை கேட்டார்."

"எவ்வளவு எரியும்னு கேட்டா, கொஞ்சம்னு சொல்ல வாய் வராதா?"

"கொஞ்சம் என்பது ஒரு அளவு இல்லை," என்றேன்.

பிப்ரவரியில் முதல் சனிக்கிழமையே நான் இரண்டு கூடை வாங்கினேன். இன்றைக்கும் நான் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். முதல் பதிலைச் சொன்ன அதே ஆள்தான் இரண்டாவது பதிலையும் சொன்னேன். முதலாவதில் நம்பிக்கை வந்ததற்கு நான் எண்ணுகிறவன் என்பதுதான் காரணம். இரண்டாவதில் மட்டும் தடுமாறினால் முதலாவது நிற்குமா? இதை என் மனைவியிடம் பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "சரி, சனிக்கிழமை மறந்துடாதீங்க," என்பாள்.

மறக்கவில்லை. ஊருக்குப் போன வாரங்களில்கூட முன்பணமாகக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். மேஸ்திரி கூடையை அமுக்கி நிரப்பமாட்டான். நான் அமுக்கச் சொல்லுவேன். பின்னால் நிற்கிற பெண்கள், "ரைட்டர் கரிக்கு ரைட்டரே சண்ட போடுறாரு பாரு," என்பார்கள். இருந்தாலும் நான் அமுக்கிய பிறகு அவர்களுக்கும் அமுக்கித்தான் போட்டான்.

1902-இல் காவேரி அருவியிலிருந்து மின்சாரக் கம்பி வந்தது. தொண்ணூறு மைலுக்கு மேல் தூரத்தில் விழுகிற தண்ணீர் எங்கள் சக்கரத்தைச் சுற்றும் என்றார்கள், சுற்றியது. எந்தக் குவியலும் இல்லை. வண்டி இல்லை, எடை இல்லை, சாம்பல் இல்லை. மழை பெய்கிறவரை தீராதது என்பதால் என் வகைப் பிரிப்பில் அதற்கு முதல் வகையில் இடம் கொடுத்தேன்; விறகு நியாயமாக இருந்திருக்க வேண்டிய இடம் அது. என் வீட்டுக்கு வந்த அந்தப் பெண், "கம்பியில வர்ற நெருப்புக்குக் கரி மிஞ்சாதா, ரைட்டரே?" என்று கேட்டாள். மிஞ்சாது என்றேன். "அப்போ மறுபடியும் வெறகுதான்," என்று சொல்லிவிட்டு, என் மனைவியிடம் முறம் இரவல் வாங்கிக்கொண்டு போனாள்.

எங்கள் சுரங்கத்தில் பாய்லர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஜூன் மாதம் கடைசிச் சனிக்கிழமை மேட்டில் கிளறியதில் எல்லாருக்குமாக ஒன்பது கூடைதான் தேறியது. அதில் இரண்டு எனக்கு. முதல் சனிக்கிழமையையும் அதையும் சேர்த்து நூற்றெழுபத்தெட்டு சனிக்கிழமைகள், வாரத்துக்கு ஓரணா; இடையில் ஒரு வாரம் சில்லறை இல்லை என்று மேஸ்திரி காலணா கூடுதலாக எடுத்துக்கொண்டு திருப்பித் தரவேயில்லை. ஆக மொத்தம் பதினொரு ரூபாய் இரண்டேகால் அணா.